வீட்டுக்குள் நீட்டிய பாவு

என் மனைவிக்கு மறதி முற்றிய காலத்தில், பிள்ளையார்பாளையத்து வீட்டில் நாங்கள் இருவர் மட்டுமே வாழ்ந்தோம். பிள்ளைகள் இல்லை. நான் இன்னார் என்பதையும் அவள் மறந்துவிட்டிருந்தாள்.

எங்கள் பகுதியில் விடியற்காலையில் பாவு நீட்டுவது வழக்கம். தறியில் ஏற்ற வேண்டிய இழைகளைத் தெரு நெடுக இழுத்துக் கட்டிக் கஞ்சி தோய்ப்பார்கள். எவர் வீட்டுப் பாவாயினும் அக்கம்பக்கத்தார் வந்து, அறுந்த இழைகளை முடிந்து கொடுப்பர். வேலை முடிந்ததும் பாவுக்கு உரியவர் வெற்றிலை பாக்குக் கொடுத்து அவர்களை அனுப்பிவைப்பார். என் மனைவி இதை மட்டும் மறக்கவில்லை. விடியுமுன் எழுந்து, பாவு நீட்டிய தெருவைத் தேடி நடப்பாள். திரும்பும் வழி அறியாள். ஒருநாள் வாலாஜாபாத் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றவளை, அவளுடைய தம்பி சைக்கிளில் அமர்த்திக் கொண்டுவந்தார்.

"கதவைப் பூட்டி வையி மாமா. இன்னொரு தபா லாரிக்காரன் பிரேக் போட மாட்டான்."

"அவ இன்னா மாடா, கட்டிப் போட?"

"மாட்டுக்காவது வூடு தெரியும் மாமா" என்றவர், சொன்ன பின் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூட்டினேன். மறுநாள் கதவைத் தட்டித் தட்டி அவளுடைய உள்ளங்கைகள் கன்றிச் சிவந்தன. "பாவு காயுதுப்பா, தொறந்து வுடுப்பா" என்று என்னிடமே கெஞ்சினாள். பூட்டைக் கழற்றினேன். அவளைப் பூட்டுவதற்குப் பதிலாக வீட்டை மாற்றுவதென்று துணிந்தேன்.

வாசலிலிருந்து கொல்லைவரை நீண்ட வீடு அது. குறுக்கே நின்றது நான் படுக்கும் அறை ஒன்றே. அதன் சுவர்களை இடிக்கச் சொன்னேன். நான் காலை இறக்கி அமர்ந்து நெய்யும் தறிக் குழியைச் சுற்றி மூங்கில் தடுப்பு வைத்தேன். அவள் இடறும் படிகளைச் சரிவாகப் பூசச் செய்தேன். கொத்தனார் கரண்டியை நிறுத்திக் கேட்டார்:

"வூட்டுக்குள்ள பாவு நீட்டப் போறீங்க. அப்போ அடுப்பைத் தெருவுல வச்சிக்குவீங்களாண்ணே?"

"வந்து குந்துப்பா, தெருவுலயே சோறு போடறேன்."

அவர் உரக்கச் சிரித்தார். அவ்வீட்டில் சிரிப்பொலி கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

பருத்தி நூற்பாவு ஒன்றை வாங்கி, இரு முனையிலும் முளையடித்து நீட்டினேன். மாலைதோறும் நானே சில இழைகளை அறுத்து வைப்பேன். விடியலில் எழுந்து வருபவள் பாவைக் கண்டு நிற்பாள். அறுந்த முனைகளைத் தேடி, விரல் நுனியால் திரித்து முடிந்தபடியே கொல்லைவரை போவாள். எதிர்ப்பக்கத்தில் நானும் இழை முடிவேன். தெருக்கதவு திறந்தே கிடந்தது. அவள் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை.

முதல் நாள் வேலை முடிந்ததும், மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து இரு கைகளாலும் என்னிடம் நீட்டினாள்.

"ரொம்ப ஒத்தாசையா இருந்தேப்பா. கெளம்பு, வூட்ல தேடுவாங்க."

"என்னை யாரும் தேட மாட்டாங்கம்மா."

"சும்மா சொல்லாத. பொஞ்சாதி காத்துக்கினு இருப்பா, போ."

வேலை முடிந்தும் அயலான் ஒருவன் போகாமல் நிற்பதைக் கண்டு அவள் அஞ்சத் தொடங்கினாள். ஆதலால் அன்று முதல், நாள்தோறும் வெற்றிலையைப் பெற்றுக்கொண்டு தெருவில் இறங்குவேன். தெருமுனையில் நின்று அதை மென்று முடித்த பின்பே, சுற்றிவந்து கொல்லைக் கதவைத் திறப்பேன்.