வீம்புக்குக் கட்டிய படகு

ஜீப்பு ஒன்று சிலமலைப் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றபோது நான் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி ஜன்னலோரம் வந்து நின்றார். "டீச்சர், ஒங்க மச்சான் காலையில தவறிட்டாரு. அக்கரையிலருந்து கொண்டாந்து போடி வீட்டுல போட்டிருக்கு. ஒங்கள ஏத்திட்டு வரச் சொன்னாங்க. வெரசா வாங்க" என்றார். நான் ஏழாம் வாய்ப்பாட்டை முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. வெட்கப்பட்டும் சொல்லவில்லை.

தங்கமுத்து என் அக்கா வேலுத்தாயின் கணவர். பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்களில் ஒரு பெரியவர் எழுந்து, "மலைச்சனம் தண்ணியத் தாண்ட வழியில்லாமத் தவிச்சப்ப எரக்கப்பட்டுப் படகு கட்டின புண்ணியவான்" என்று பேசினார். கூட்டம் தலையாட்டியது. நினைவு மலர் போடுகிறோம், டீச்சர்தான் எழுத வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். எழுதுகிறேன். அவரோடு பழகிய உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தப் புண்ணியவானை எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த மனிதரைப் பற்றித்தான் எழுத முடியும்.

அவருடைய ஏலத்தோட்டம் போடிமெட்டுக்கு மேலே, அணைத் தண்ணீருக்கு அக்கரையில் இருந்தது. ஜீப்பு வரும் ரோடு இக்கரையோடு நின்றுவிடும். சுற்றி நடந்தால் பாதி நாள் ஆகும். அதுவும் யானை நடமாடும் வழி. அதனால் எல்லோரும் ஔசேப்பு என்பவரின் மூங்கில் தெப்பத்தில்தான் போய்வந்தார்கள். ஔசேப்பின் வீடும் அக்கரையில்தான். ஒரு நாள், காய் பறிக்கும் பெண்கள் மழையில் நனைந்தபடி தெப்பத்துக்குக் காத்து நிற்க, பின்னால் வந்த மச்சான் தன் சாக்குகளை முதலில் ஏற்றச் சொன்னார். "பெண்ணுங்க முன்னே வந்ததல்லே, கொஞ்சம் நிக்கணும்" என்றார் ஔசேப்பு. மச்சான் அவர் கையிலிருந்த கழியைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தார். கன்னத்திலும் ஒன்று வைத்தார். ஔசேப்பு திருப்பி அடிக்கவில்லை. "இனி நீயும் நின்டெ சாக்கும் நீந்திப் போயா மதி" என்றார். நீயும் உன் சாக்கும் நீந்திப் போனால் போதும் என்று அர்த்தம். படகு பிறந்தது அந்த வார்த்தையில்தான். இரக்கத்தில் அல்ல.

படகையே பார்த்திராத ஊர் போடி. ஆசாரியிடம் கேட்டதற்கு, "மாட்டுவண்டி கேளுங்க, செஞ்சு தர்றேன். இதுல ஆளு செத்தா பழி எம் மேல வரும்" என்று சொல்லிவிட்டார். மச்சான் கேரளத்துக் காயல் பக்கம் பஸ்சு ஏறிப் போனார். படகு கட்டுகிற இடங்களில் சும்மா நின்று பார்த்துவிட்டு, நீளம் அகலம் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் முடிச்சு முடிச்சாகப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை என்று பிற்பாடு பெருமையடித்துக்கொண்டார். "கேட்டா, சொன்னவனுக்குக் கீழதான நிக்கணும்" என்பது அவர் வாக்கு.

பலகை என்னுடையது. எனக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று எங்கள் அய்யா, சாவதற்கு முன்பு, ஆஞ்சிலிப் பலகைகள் வாங்கி அக்கா வீட்டுக் கொட்டகையில் அடுக்கி வைத்திருந்தார். நான் போய்ப் பார்த்தபோது அவை அறுபட்டு வாசலில் கிடந்தன. கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாப்பா, வீடு எப்ப வேணாக் கட்டிக்கலாம். ஆனி பொறந்தா மழை எறங்கிரும்" என்றார். அக்கா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்துக் கையைக் காட்டினாள், பேசாதே என்று. அன்றைக்குப் பேசாமல் வந்தேன். அதன்பிறகு அவரிடம் எதையுமே கேட்டதில்லை.

பலகையை வளைப்பதுதான் பெரிய சோலியாக இருந்தது. நெல் அவிக்கிற அண்டாவில் தண்ணீர் கொதிக்க வைத்து, பலகை மேல் சாக்கைச் சுற்றி, கொதிதண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மரம் இளகும்போது இரண்டு பேர் அழுத்திப் பிடித்து வளைத்து ஆணி அடிக்க வேண்டும். நான் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு முனையைப் பிடித்திருந்தாள். சாக்கு நழுவிக் கொதிதண்ணீர் அவள் முன்கை முழுவதும் ஊற்றியது. அவள் முகம் கோணியது. "விட்டுறாத. பிடி, பிடி" என்றார் மச்சான். அவள் விடவில்லை. அவர் ஆணி ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், கோணாமல் அடித்து முடித்தார். பிறகுதான் அவள் கையை எடுத்தாள். தோல் சாக்கோடு போயிற்று. நான் மஞ்சளும் எண்ணெயும் தேடி உள்ளே ஓடிய நேரத்தில் அவர் பலகையின் வளைவைத் தடவிப் பார்த்து, "நல்லா ஒக்காந்துருச்சு" என்று அவளிடமே சொன்னார். அந்தத் தழும்பு அக்கா கையில் இன்றும் இருக்கிறது. வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம்.

பலகைச் சந்துகளில் இலவம்பஞ்சைத் திரித்து அடைத்ததும், குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசியதும் அக்காதான். வெந்த கையைத் துணியில் சுற்றிக்கொண்டு செய்தாள். சித்திரை வெயிலில் படகு முடிந்து, மாட்டுவண்டியில் ஏறி, ஊருக்கு வெளியே இருந்த கண்மாய்க்குப் போனது. ஊரே பின்னால் போனது. மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறி நின்றார். எல்லாச் சந்துகளிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற மனிதரைப் பார்த்துக் கரையில் ஒருவர், "கப்பக்காரரே, கொழும்பு எப்பப் போய்ச் சேருவீக?" என்று கேட்டார். நானும் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். அவர் யாரையும் பார்க்காமல் கரையேறி, படகை அப்படியே தண்ணீருக்குள் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வீட்டில் அதன்பிறகு நடந்தது ஊருக்குத் தெரியாது. பஞ்சு சரியாக அடைக்கவில்லை என்று அக்காவை அவர் திட்டாத வேளை இல்லை. சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுவார். "ஓட்டைக் கை" என்று பேர் வைத்தார். வைகாசி முடிகிற சமயம் கண்மாய்க்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர் வந்து, படகு மடையை அடைத்துக் கிடக்கிறது, எடுங்கள் என்று சத்தம் போட்டார். மாடு பூட்டி இழுத்துத் தண்ணீரை இறைத்து மறுபடி மிதக்கவிட்டார்கள், கரை சேர்ப்பதற்காக மட்டும். அது மிதந்தது. ஒரு சொட்டு ஏறவில்லை. வெயிலில் காய்ந்து சுருங்கியிருந்த பலகைகள் ஊறிப் பெருத்து, பஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. அக்கா அடைத்ததில் ஒரு குறையும் இருக்கவில்லை. மச்சான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "ஊறாத மரம் ஓட்டைதான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஓட்டைக் கை என்று சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதன்பிறகு அப்படிச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். அவ்வளவுதான் அக்காவுக்குக் கிடைத்த நியாயம்.

ஈரச்சாக்குச் சுற்றி லாரியில் ஏற்றிய படகு போடிமெட்டு வளைவுகளில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு போனது. ஒரு கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்ப முடியாமல் நிற்க, பின்னால் தோட்டத்து ஜீப்புகள் வரிசை கட்டின. வேலைக்குப் போகிற பெண் ஒருத்தி எட்டிப் பார்த்து, "என்ன அப்பு, மலை மேல வெள்ளமா?" என்று கேட்டாளாம். "வரும். வந்தா ஒன்னைய ஏத்த மாட்டேன்" என்றாராம் மச்சான். விளையாட்டுக்குச் சொன்னதல்ல. படகு தண்ணீரில் இறங்கிய நாளிலிருந்து அவருடைய சாக்குகளும் அவருடைய ஆட்களும் தவிர யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. ஔசேப்பின் தெப்பம் அருகே வந்தால் வேண்டுமென்றே உரசிக்கொண்டு போவார்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆடி மாதம். அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, விடுப்புப் போட்டுவிட்டு அக்கரைத் தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் காலை, விடாத மழையில் அணைத் தண்ணீர் பொங்கி, ஔசேப்பின் தெப்பம் கட்டறுந்து போய்விட்டது. மத்தியானம் ஔசேப்பு எங்கள் வாசலில் வந்து நின்றார். தலையில் பாக்குமரப் பாளைத்தொப்பி. அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, மோளுக்குப் பேறுவலி. நேத்து தொடங்கியதாணு. பேறு பாக்குற வயித்தாட்டி கைய விரிச்சு. படகு ஒண்ணு தரணும்" என்றார்.

மச்சான் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "நீந்திப் போகச் சொல்லு" என்றார்.

ஔசேப்பு வாசலை விட்டு நகரவில்லை. அக்கா காய் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூரை இறவாணத்தில் செருகியிருந்த இரண்டு துடுப்பையும் உருவினாள்.

"வேலுத்தாயி, படகுல கால வச்சே, திரும்ப இந்த வீட்டுக்குள்ள வராத" என்றார் மச்சான்.

"வர்றதப் பத்தி வந்து பேசிக்கிருவோம்" என்றாள் அக்கா.

அவள் அந்த நாள் வரை துடுப்பைத் தொட்டதில்லை. ஔசேப்பின் மகளைப் போர்வையில் சுருட்டிப் படகின் நடுவில் கிடத்தினார்கள். முன்னால் ஔசேப்பும் பின்னால் அக்காவும் உட்கார்ந்து துழாவினார்கள். தண்ணீர் அவர்களை மதகுப் பக்கமாக இழுத்தது. நான் கரையில் நின்றேன். மச்சான் எப்போது வந்தார் என்று தெரியாது, பக்கத்தில் நின்றிருந்தார். "நீங்க மனுசனா மச்சான்?" என்று கேட்டேன். அவர் கண்ணை எடுக்காமல், "இடப்பக்கம் தாழுது. நகந்து ஒக்காரணும்" என்றார். என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. படகு ஒரு புள்ளியாகி, ரோட்டுக் கரைச் சேற்றில் ஏறியது. ஜீப்பில் ஏற்றுவது தெரிந்தது. அந்தப் பெண் போடி ஆஸ்பத்திரியில் பிழைத்தாள். குழந்தையும் பிழைத்தது.

காற்று அடங்கிய பிறகு, மறுநாள்தான் அக்கா திரும்பி வந்தாள். உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. மச்சான் தண்ணீரோரம் நின்றிருந்தார். அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஏறுச்சா?" என்பதுதான்.

"ஏறல" என்றாள் அவள்.

அவர் படகில் இறங்கி, குனிந்து, அடிப்பலகையை முனையிலிருந்து முனைவரை கையால் தடவிப் பார்த்தார். அதற்குள் அக்கா வீட்டுக்குள் போய்விட்டாள். வராதே என்று சொன்னதை அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. துடுப்புகள் அதன்பிறகு இறவாணத்துக்கு ஏறவேயில்லை; படகிலேயே கிடந்தன. யார் வந்தாலும் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரும்பாலும் ஔசேப்புதான் துழாவினார். மச்சான் அதற்குச் சரியென்றும் சொல்லவில்லை, கூடாதென்றும் சொல்லவில்லை. அவரும் ஔசேப்பும் கடைசிவரை ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மலைச்சனத்துக்குப் படகு கிடைத்த கதை இதுதான். அதைக் கொடுத்தவள் வேலுத்தாய். மலரில் படம் போடுவதாக இருந்தால் அவளுடைய படத்தையும் போடுங்கள்.

எழுதி முடித்ததை அக்காவிடம் படித்துக் காட்டினேன். எதையும் மறுக்கவில்லை. தட்டைத் தள்ளியதைக்கூட எடுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னாள். "ஏண்டி, தண்ணி ஏறுச்சான்னு அவரு படகுக்காகக் கேக்கல. எனக்காகத்தான் கேட்டாரு. ராத்திரி பூராம் அங்கனயே நின்னிருக்காரு, மேலெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. அவருக்கு அப்படித்தான் கேக்கத் தெரியும்" என்றாள்.

இருக்கலாம். அந்த மனிதரோடு வாழ்ந்தவள் அவள். அவரிடமிருந்து எனக்கென்று ஏதாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொள்கிறேன். இந்த வாரம் முழுவதும் அந்தக் குரலை மறுபடி மறுபடி நினைவுக்குக் கொண்டுவந்து கேட்டுப் பார்த்தேன். எனக்கு இன்னும் படகுக்காகக் கேட்டது போலத்தான் இருக்கிறது.