அத்தை வைத்த பெயர்

கிரிஜா தன் அண்ணன் குழந்தைக்கு, அவள் ஆபீசுக்கு வந்துபோன பிரெஞ்சுக்காரன் ஒருவனுடைய மகளின் பெயரை வைத்துவிட்டாளாம். புனேயிலிருந்து கூடப் படித்த ப்ரீத்தி தொலைபேசியில் சொன்னாள். ப்ரீத்திக்குச் சொன்னது அவள் மாமியார். மாமியாருக்கு பஜனையில் யாரோ சொன்னார்களாம்.

"சும்மாவா வைப்பா, நீயே சொல்லு?" என்று குரலைத் தாழ்த்தினாள்.

அது தொண்ணூற்றாறு. நான் ஜெனீவாவுக்குக் குடிவந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரிலிருந்து மணி அடித்தாலே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடிப்போய் எடுக்கும் காலம். யாரும் சாகவில்லை, வெறும் வம்புதான் என்று தெரிந்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் கிரிஜாவை நினைத்துக் கவலை வந்தது.

புனேயில் மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் நானும் அவளும் ஒரே பெஞ்சு. என் கணவரின் வேலை என்னை எங்காவது இழுத்துக்கொண்டு போகும் என்று நான் சேர்ந்தேன். சிஞ்ச்வட் தொழிற்சாலையில் அவள் பார்த்த வேலையில், இயந்திரங்களோடு வரும் விளக்கக் கையேடுகளெல்லாம் பிரெஞ்சில் இருந்ததால் அவள் சேர்ந்தாள். அவள் அப்பா கும்பகோணத்திலிருந்து கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்குக் குமாஸ்தாவாக வந்தவர். வீட்டில் தமிழ், தெருவில் மராட்டி என்று வளர்ந்தவளுக்கு இன்னொரு மொழி பாரமாகவே இல்லை. வினைச்சொற்களைப் பார்த்து அழாதவள் எங்கள் வகுப்பில் அவள் ஒருத்திதான்.

அந்தப் பெயர் வைக்கப்பட்ட அன்று நான் அங்கே இருந்தேன். ஜெனீவாவுக்குக் கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு. சாங்வியில் அவர்கள் வீடு. காலையில் சாஸ்திரிகள் வந்து புண்யாகவாசனம் செய்து, சாஸ்திரத்துக்குப் பாட்டி பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார்; கூப்பிடும் பெயர்தான் பாக்கி. பக்கத்து வீட்டு ஷிந்தே காகு தன் வீட்டுத் தொட்டிலைத் தூக்கிவந்து ஜவந்திப்பூ சுற்றி, மாலையில் மராட்டி முறைப்படியும் ஒரு சடங்கு நடந்தே ஆகவேண்டும் என்று நின்றாள். பெயர் வைப்பது அத்தையின் உரிமை, அத்தைதான் குழந்தை காதில் சொல்லவேண்டும் என்று மராட்டியில் அதட்டினாள்.

கிரிஜாவின் அண்ணன் விஸ்வேஸ்வரன், வீட்டில் விச்சு, சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன, வையேண்டி. உன் இஷ்டம்" என்றான்.

அவனும் மனைவி பார்கவியும் வைஷ்ணவி என்று ஏற்கெனவே பேசி வைத்திருந்தார்கள். அதைத்தான் தங்கை சொல்லப்போகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். காகுவின் வீட்டு வழக்கமும் அதுதான். பெற்றவர்கள் தேர்ந்தெடுத்ததை அத்தை வாயால் சொல்வது, அவ்வளவே. கிரிஜாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. 'உன் இஷ்டம்' என்பதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

தொட்டிலுக்குள் குனிந்து, காகு சொல்லிக்கொடுத்தபடி குழந்தை காதில் முதலில் 'குர்ர்' என்றாள். சுற்றி நின்ற பெண்கள் வழக்கப்படி அவள் முதுகில் சிரித்துக்கொண்டே மொத்தினார்கள். நிமிர்ந்து, முகம் சிவக்க, "எலோடி" என்றாள்.

பார்கவியின் அம்மா பாலாம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னது? இருமல் மருந்து பேர் மாதிரின்னா இருக்கு!"

"அர்த்தம் என்னம்மா?" என்றார் அவள் கணவர் கோவிந்தராஜன்.

"அர்த்தம்னு தனியா ஒண்ணும் தெரியாது மாமா. அழகான பேரு."

"அர்த்தம் தெரியாம ஒரு பேரா!"

கட்கியிலிருந்து வந்திருந்த பழைய அண்டைவீட்டுக்காரி பவுன் அம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "எலோடியோ ஏலேலோடியோ, வாயில நொழையுற மாதிரி வச்சிருக்கலாம்ல தாயி?" என்றாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. ஷிந்தே காகு மட்டும் "சான் ஆஹே, சான் ஆஹே" என்று பெயரை மெச்சியபடி எல்லார் கையிலும் சர்க்கரையை வைத்துக்கொண்டிருந்தாள்.

அறை வாசலில் பார்கவி வந்து நின்றாள். "ஏன்னா, நாம என்ன பேசிண்டோம்?"

மாமனார் முன்னால், வந்தவர்கள் முன்னால், தான் 'உன் இஷ்டம்' என்றது வாய் தவறி வந்தது என்று சொல்ல விச்சுவுக்கு மனசு வரவில்லை. "சொன்னா சொன்னதுதான். என் தங்கை வச்ச பேரு" என்றான். அந்த வீம்பில் பிறப்புச் சான்றிதழிலும் எலோடி விஸ்வேஸ்வரன் ஏறியது. பார்கவி ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்குக் குழந்தை எப்போதும் அம்முதான்.

குழந்தைக்கோ அத்தை என்றால் உயிர். கிரிஜா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் எலோடியும் அவளும்தான். ஸ்கூட்டரில் ஊர் சுற்றல், வடா பாவ், வாய் வலிக்கப் பேச்சு. பள்ளியில் பிள்ளைகள் "ஓடி ஓடி" என்று துரத்தினால் அந்தக் கோபமும் அத்தையிடம்தான் வந்து ஆறும்.

பிறகு விச்சுவுக்கு ஹிஞ்சேவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, பாணேரில் ஃபிளாட். அங்கே காலம் தலைகீழ். "வாவ், என்ன யுனிக் நேம்!" என்றார்கள். கிரிஜா போனால், கர்ப்பிணிப் பெண்கள் லிஃப்ட் அருகே பிடித்துக்கொள்வார்கள். "ஆன்ட்டி, உங்களுக்கு ஃப்ரெஞ்ச் தெரியுமாமே, க்ளோயி நல்லாருக்கா, அமெலி நல்லாருக்கா?" கிரிஜா, "உங்க ரெண்டு பேருக்கும் பிடிச்சதை வைங்கோ. மூணாவது மனுஷாளைக் கேக்காதீங்கோ" என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குள் போய்விடுவாள்.

போன வருஷம் அம்மாவுக்கும் மகளுக்கும் செல்போன் விஷயமாக ஏதோ சண்டை. பார்கவி அத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைக் கொட்டிவிட்டாள். "உன் பேரே யாரோ வெள்ளைக்காரன் பொண்ணோட பேரு. போய் உங்க அத்தையையே கேளு!"

எலோடி வந்து கேட்டாள்.

"யாரு சொன்னா? உங்கம்மாவா?" என்றாள் கிரிஜா.

"யாரு சொன்னா என்ன அத்தை? யெஸ் ஆர் நோ?"

கிரிஜா எழுந்து சமையலறைக்குப் போனாள். காபியோடு திரும்பி வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. அதன்பிறகு எலோடி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை.

இந்த ஜூனில் நான் புனே போயிருந்தபோது கிரிஜா இதையெல்லாம் சொன்னாள். வெளியே மழை. எலோடி, பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பள்ளியில் பெயர் பதிவதற்குள் கெஜட்டில் போட்டு வைஷ்ணவி என்று மாற்றிக்கொள்ளப் போகிறாளாம். விச்சுவும் சரி என்றுவிட்டானாம்.

"உண்மைதான் என்ன?" என்றேன். இத்தனை வருஷமாக நானும் கேட்டதில்லை.

தொண்ணூற்றி நாலில் அவளைப் பயிற்சிக்காக லியோனுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். வந்துபோன பிரெஞ்சு இன்ஜினியரின் மனைவியும் அந்தமுறை கூட வந்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் அந்த அம்மாள் சொன்னாள்: எங்கள் எலோடி வேலை கிடைத்துப் பாரீசுக்குப் போய்விட்டாள், அவள் அறை காலியாக இருக்கிறது, நீ அங்கே தங்கிக்கொள், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரியும்.

"அந்த ரூமை நான் பார்த்ததே இல்லேடி. ஆனா கட்டில் எந்தப் பக்கம், என் புடவையை எங்க மடிச்சு வைப்பேன், எல்லாம் தெரியும்" என்றாள் கிரிஜா.

பாஸ்போர்ட் கைக்கு வந்தபிறகு அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். விச்சுவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "நீ போயிட்டா அம்மாவை யாரு பார்த்துப்பா? வந்ததும் வராததுமா பார்கவிகிட்ட பார்த்துக்கோன்னு சொல்ல முடியுமா?" என்றான். அவள் போகவில்லை. வேறொருவர் போனார்.

"இதைக் குழந்தைகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிச் சொல்றது? உங்கப்பாவாலதான் நான் போகலேன்னு ஆயிடாதா? அப்பாகிட்ட அவளுக்கு இருக்கற பிரியத்தை நான் ஏன் கெடுக்கணும்?"

எனக்கு எதையாவது சொல்லி அவளைச் சிரிக்க வைக்கவேண்டும் போலிருந்தது. ஜெனீவாவில் எங்கு திரும்பினாலும் எலோடிதான் என்றேன். என் பல் டாக்டரின் உதவியாளர் எலோடி, தபால் ஆபீசில் ஸ்டாம்ப் கொடுப்பவள் எலோடி, இப்போது பிறக்கிற குழந்தைக்கு யாரும் அந்தப் பெயர் வைப்பதில்லை, பழசாகிவிட்டது.

"ஓ, நம்ம ஊரு லதாவா அது?" என்று சிரித்தாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "அவளுக்குன்னு யோசிச்சு வைக்கலேடி. எனக்குன்னு வச்சுட்டேன். பாவம், அவ சுமந்துண்டு திரிஞ்சா."

பிறகு அவளே, "பேரை மாத்திக்கட்டும். ஆனா அன்னிக்கு நான் எழுந்து போனேன் பாரு, அதுக்கு அவ என்னெல்லாம் அர்த்தம் பண்ணிண்டிருப்பாளோ! விச்சு கோச்சுண்டா கோச்சுக்கட்டும், எல்லாத்தையும் சொல்லிடறேன். பேரு போனாலும் குழந்தை வந்தாப் போறும்" என்றாள்.

மொபைலை எடுத்து எண்ணைத் தேடினாள். எலோடியின் எண்தான். காதில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் என்னைப் பேசாமலிருக்கச் சொன்னாள்.

"ரிங் போறது" என்றாள் மெதுவாக.

அறைக்குள் எனக்கும் கேட்டது. போய்க்கொண்டே இருந்தது.