கரை வைக்காத பலூன்

அக்காவின் முதலாம் ஆண்டுப் படையலுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளே, நண்பர்களே, முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். நம் ஆரணியில் காணும் பொங்கல்தோறும் நடக்கும் பலூன் விழாவை, வெளிநாடு போய்வந்த ஒரு பட்டு வியாபாரி தொடங்கினார் என்று மைக்கில் சொல்கிறார்கள். அப்படி ஒருவரும் இல்லை. தொடங்கியவர் என் அக்கா. கொண்டாட்டத்துக்காகத் தொடங்கவில்லை, செத்துப்போன தன் மகளுக்காகத் தொடங்கினார்.

படவேட்டில் நிலமில்லாத கூலிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அக்கா. அம்மா நடவுக்குப் போன நாட்களில் என்னை இடுப்பில் சுமந்தவர். பேருந்து எப்போதாவதுதான் வரும் ஊர் என்பதால் எட்டாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. தங்கையாவது படிக்கட்டும் என்று எனக்காக வீட்டில் சண்டை போட்டவரும் அவரே. ஆரணியில் கூலிக்குத் தறி நெய்யும் மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின், ஒரு பட்டுச் சேலைக் கடையில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தார். ஜரிகை உரசிக் கறுக்காமலிருக்க, மடிப்புக்கு மடிப்பு மெல்லிய வெள்ளைத் தாள் வைத்து அடுக்கும் வேலை அது. முகூர்த்த மாதங்களில் அக்கா தலைநிமிர்ந்து பார்த்ததில்லை. ஆனால் கோபக்காரர். அவசரப்படுத்திய கடைக்காரரையே, "ஜல்தின்னா நீங்களே மடிச்சிக்குங்க" என்று வாயடைத்தவர்.

அவருக்கு ஒரே மகள். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக் கண்காட்சிக்காக, அக்கா கடையிலிருந்து கொண்டுவந்த மிச்சத் தாள்களைப் பசை போட்டு ஒட்டி ஒரு பெரிய பலூன் செய்ய ஆரம்பித்தாள். கீழே தீ மூட்டிப் புகையை உள்ளே பிடித்தால் அந்தச் சூட்டில் தானாக மேலே போகும் என்றாள். பாதி ஒட்டியிருந்தபோது காய்ச்சல் வந்தது.

"ஒடம்பு கொதிக்குதும்மா."

"நாளைக்கு வேலூர் போலாம்டி. இந்த ஒரு கட்டு முடிச்சிக் குடுத்துட்டு வந்துடறேன்," என்றார் அக்கா.

மறுநாள் வேலூர் போகும் வழியில் கண்ணமங்கலம் தாண்டும்போது பாப்பாவுக்கு மூக்கில் ரத்தம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உயிர் இல்லை. தள்ளிப்போட்ட அந்த ஒரு நாளைப் பற்றி அக்காவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தாலாவது வாய்விட்டு அழுதிருப்பார்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுவது நம் வழக்கம். புதுச் சேலை வைத்துப் படைத்து, அதை வீட்டிலுள்ள இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்வோம். அக்கா வீட்டில் இன்னொரு பெண் ஏது? அடுத்த காணும் பொங்கலுக்குப் படையல் போட்டவர், சேலையை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, பரண்மேல் கிடந்த பாதி பலூனை இறக்கினார். மீதியை ஒட்டி முடித்தார். அதோடு விட்டிருக்கலாம். ஆரணிக்காரர்கள் அல்லவா நாம்! சேலைக்கு வைப்பதுபோல் பலூனின் விளிம்பைச் சுற்றி அசல் ஜரிகைக் கரை வைத்தார்.

"வாணாக்கா, கனம் தாங்காது," என்றேன்.

"எம்பொண்ணு கரை இல்லாத துணி கட்டிகினு போவணுமா? நீ சும்மா இருடி."

மாமா வைக்கோலைக் கொளுத்தினார். தெருக்காரர்கள் கூடி நின்று விளிம்பைப் பிடித்துக்கொண்டார்கள். பலூன் உப்பியது. கையை விட்டதும் கூரை உயரம்கூடப் போகாமல், கரையின் கனத்தில் சாய்ந்து அதே தீயில் விழுந்தது. தாள் எரிந்து, ஜரிகை மட்டும் சாம்பலில் கிடந்தது. "ரெண்டாந்தரமும் நானே கொன்னுட்டேனே" என்று அக்கா மண்ணில் புரண்டதைப் பார்த்தவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள்.

மறு வருடம் கரை இல்லாமல் விட்டார். மேலே போனது. ஜவ்வாது மலைப் பக்கமாகப் போய்ப் புள்ளியாகி மறைந்தது. அக்கா கைகூப்பி நின்றார். களம்பூரில் நெல் லாரி மோதியதில் மகனைப் பறிகொடுத்திருந்த எதிர்வீட்டு அண்ணன் அடுத்த பொங்கலுக்கு வந்து, "எம்புள்ளைக்கும் ஒண்ணு ஒட்டிக் குடும்மா" என்றார். பிறகு பக்கத்துத் தெருவிலிருந்து வந்தார்கள். பிள்ளையை இழந்த வீடுகள் இந்த ஊரில் இத்தனை இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் விழாக் குழு வந்தது, ஒலிபெருக்கி வந்தது, பஞ்சுமிட்டாய் வந்தது. எதற்காக விடுகிறோம் என்பது மட்டும் போய்விட்டது. அக்கா தம் பலூனை விட்ட கையோடு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அந்தக் குத்துப்பாட்டுச் சத்தம் கேட்டாலே எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற ஆண்டு அவருக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது முற்றிப்போயிருந்தது. வலியை யாரிடமும் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார். கடைசி நாட்களில் ஒரு மாலை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போனா எனக்கும் ஒண்ணு உடுவீங்க இல்ல?"

"இன்னா பேச்சுக்கா இது?"

"அதுக்குக் கரை வெச்சி உடு. நல்ல கனமான கரையா."

"கரை வெச்சா மேல போவாதே."

"அதுக்குத்தான் சொல்றேன். மேல போனா அங்க அவ இருப்பா. ஏம்மா என்னை அன்னிக்கே இட்டுகினு போவலன்னு கேட்டா, நான் இன்னா சொல்லுவேன்?"

அந்த வாரமே அக்கா எங்களை விட்டுப் போனார்.

அக்காவை வேலூருக்கும் வீட்டுக்குமாக அலுக்காமல் அழைத்துச் சென்ற ஆட்டோக்காரத் தம்பிக்கும், கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எதிர்வீட்டு அண்ணிக்கும், கேட்டபோதெல்லாம் தாள் தந்த கடைக்காரருக்கும், தறியை நிறுத்திவிட்டு அக்காவைக் குழந்தைபோல் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும் எங்கள் நன்றி. விழாக் குழுவினருக்கும் நன்றி. இனியாவது மைக்கில் உண்மையைச் சொல்லுங்கள்.

இன்று மாலை படையல் முடிந்ததும் அக்காவுக்கான பலூனை விடுகிறோம். நானும் மாமாவும் சேர்ந்து ஒட்டியது. அக்காவின் கடைசிச் சொல்லை மீறிவிட்டேன், கரை வைக்கவில்லை. எல்லோரும் வந்து விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். சூடேறியதும் கையை விட்டுவிடுங்கள். அக்கா போகட்டும். பாப்பா கேட்டால் கேட்கட்டும். தாயும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.