கல்லுக் கரைக்கிற மருந்து

தாசண்ணையின் காது தொழிற்சாலை மெசின் சத்தத்தில் போனது என்றுதான் பிரெடெரிசியா நகரத்துத் தமிழர் எல்லாரும் நினைக்கிறார்கள். அவரும் அப்படித்தான் நினைக்கிறார். உண்மையில் காரணம் நான். எனக்கு டேனிஷ் நன்றாக வரும், அதுதான் வினை.

அந்தோனிதாசன் மன்னார்க்காரர், கத்தோலிக்கர். தொண்ணூற்றாறில் டென்மார்க் வந்து, பாரந்தூக்கிகளுக்கு உலோகப் பாகங்கள் வெட்டும் தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் நின்றவர். பிறகு மனைவி விக்ரோரியாவைக் கூப்பிட்டார். மகள் கிறிஸ்ரினா மட்டும் வரவில்லை. வன்னியில் தாதியாக வேலை செய்தாள், வீட்டைக் கேட்காமல் அங்கேயே ஒருவனைக் கட்டினாள். மூன்று வருடம் அவளோடு இவர் ஒரு சொல் கதைக்கவில்லை. அவ்வளவு பிடிவாதம்.

எங்கள் தொழிற்சாலையில் பாகங்களின் வடிவத்தை மனிதர் வரைவதில்லை. எஞ்சினியர் மாக்கிரட், டேனிஷ்காரி, பாகம் எங்கே பூட்டப்படும், எங்கே பாரம் விழும் என்று கணினிக்குச் சொல்வாள். அது கணக்குப் போட்டு, பாரம் சுமக்காத உலோகத்தையெல்லாம் கழித்துவிடும். மிஞ்சுவது மாட்டெலும்பு மாதிரி இருக்கும். எடை பாதி, பலம் அதே பலம். ஒருமுறை அப்படி வெட்டிய நாற்பது தாங்கிகள் போய்ச் சேருமுன்பே லொறிக்குள் உடைந்தன. மாக்கிரட் மூன்று நாள் கணக்கைப் பார்த்தாள். பிழையே இல்லை. தாசண்ணை உடைந்த இடத்தை விரலால் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்:

"லொறி பக்கவாட்டில ஆட்டுமெல்லே? அதை ஆரும் கொம்பியூட்டருக்குச் சொல்லேல்லை. சொல்லாத பாரத்தை அது ஏன் தாங்கப் போகுது?"

நான் மொழிபெயர்த்தேன். மாக்கிரட்டின் முகம் சிவந்தது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட மனிதர் அவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் அவருக்குச் சிறுநீரோடு இரத்தம் போனது. சலப்பையில் புற்றுநோய் என்று வந்த கடிதத்தை அக்காவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிக்கு மொழிபெயர்க்க நான் போனேன். டாக்டரின் அறைக்குள் போகுமுன் விக்ரோரியா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோணேசன், அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சொன்னா மனுசன் அண்டைக்கே முடிஞ்சுபோம். சலப்பையில கல்லெண்டு சொல்லுங்கோ."

நம்மாட்களுக்கு இது புதிதா? நோய் வந்தவனைத் தவிர ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். நானும் தலையை ஆட்டினேன்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். மருந்து பிளாட்டினம் என்ற உலோகத்தில் செய்தது. அது கட்டியின் உயிரணுக்களுக்குள் புகுந்து, அவை பெருகாமல் தடுத்துவிடும். கட்டியை மட்டும் தேடிப் போகிற உலோக மருந்துக்கு ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் அது இன்னும் கைக்கு வரவில்லை. இப்போது இருப்பது இரண்டு. ஒன்று பலமானது, ஆனால் காதைக் கெடுக்கக்கூடும். மற்றது காதை ஒன்றும் செய்யாது, பலம் கொஞ்சம் குறைவு.

"இதை அவரிடமே கேளுங்கள்" என்றார் டாக்டர். "அவருடைய வாழ்க்கையில் காது எவ்வளவு முக்கியம்?"

தாசண்ணை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னவாம்?"

"கல்லுக் கரைக்க மருந்து ஏத்தப் போகினமாம்."

"ஏத்தட்டும்."

நான் டாக்டரிடம் திரும்பி, பலமானதையே கொடுங்கள் என்றேன்.

அந்த வாரம்தான் வன்னியிலிருந்து யாரோ மூலம் செய்தி வந்திருந்தது, கிறிஸ்ரினா எப்படியாவது அங்கிருந்து போன் எடுத்துக் கதைப்பாள் என்று. தாசண்ணை ஜெபமாலையும் போனுமாகவே இருந்தார். "எடுத்தாளெண்டால் காணும். கோவமில்லை எண்டு சொல்லிப்போடுவன்" என்று என்னிடம் சொல்லியும் இருந்தார். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் டாக்டருக்குப் பதில் சொன்னேன். மாக்கிரட்டைப் பார்த்துச் சிரித்தவன் நான். என் கணக்கில் மகளின் குரலை விட்டுவிட்டேன்.

மருந்து நான்கு தரம் ஏறியது. தலைமயிர் அதிகம் கொட்டவில்லை, பொய்க்கு அது வசதியாகப் போயிற்று. "காதுக்க சில்வண்டு கத்துது" என்றார். டாக்டர் கேட்டபோது "கொஞ்சம்" என்று மொழிபெயர்த்தேன். பிறகு, "எல்லாரும் ஏன் வாய்க்குள்ள கதைக்கிறீங்கள்?" என்று எரிந்து விழத் தொடங்கினார். நாங்கள் குரலை உயர்த்திக்கொண்டோம்.

மே மாதத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்து அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அவர் கவனிக்கவில்லை. நான் கையைக் காட்டினேன். பாய்ந்து எடுத்தார். சத்தத்தை அவர் முழுக்கக் கூட்டி வைத்திருந்ததால் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கே ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அப்பா, நான்தான். இஞ்ச கனபேர் போனுக்கு நிக்கினம். இன்னும் கோவமே அப்பா? ஒரு சொல்லுக் கதையுங்கோ."

"ஆர்? ஆரது?"

"அப்பா, கோவமே?"

"ஒண்டும் கேக்கேல்லை! வை போனை!"

நான் கையை நீட்டுவதற்குள் அழுத்திவிட்டார். முகத்தில் கோபமே இல்லை, பதற்றம்தான். "அவளாத்தான் இருக்கும். லைன் சரியில்லை. வைச்சாத்தான் திரும்ப எடுப்பாள்" என்றார். அந்த நம்பருக்கு இங்கிருந்து எடுக்க வழியில்லை. அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் காது வெளியே வரும், காதோடு மருந்து வரும், மருந்தோடு நோய் வரும். குனிந்து சோற்றைப் பிசைந்தேன். என்னைப் போல ஒரு கோழை இந்த ஊரில் இல்லை.

அவள் திரும்ப எடுக்கவில்லை. சண்டை முடிந்து இரண்டு மாதத்தின் பின் அவளுடைய புருஷன் செட்டிகுளம் முகாமிலிருந்து போன் எடுத்தான். அவன் சொன்னதை விக்ரோரியா அக்காவும் நானும்தான் கேட்டோம். அன்றைக்குக் கிறிஸ்ரினா போன் கதைத்துவிட்டு வந்து, "அப்பா 'வை போனை' எண்டிட்டார்" என்று மட்டும் சொன்னாளாம். பிறகு அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லையாம். நாலாம் நாள் ஷெல் விழுந்தது. மகள் இல்லை என்பதைத் தாசண்ணைக்குச் சொன்னோம். மற்றதைச் சொல்லவில்லை.

மருந்து நன்றாக வேலை செய்தது. அறுவையும் முடிந்து, கட்டி அறவே இல்லை என்று டாக்டர் கைகுலுக்கினார். கல்லுக் கரைந்து, மிச்சத்தையும் வெட்டி எடுத்தாயிற்று என்று மொழிபெயர்த்தேன். இப்போது இரண்டு காதிலும் கருவி. போன சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, என் முகத்துக்கு நேரே வந்து உட்கார்ந்தார்.

"கோணேசன், அண்டைக்கு நீ பக்கத்தில இருந்தனீ. பிள்ளை என்ன சொன்னவள்? உனக்கு ஏதும் கேட்டதே?"

"இல்லையண்ணை, லைன் சரியில்லை" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. காதருகே குனிந்து, இன்னொரு தரம் கத்திச் சொன்னேன்.