தகரம் கடித்த மத்தியானம்

உரிமம் பெற்ற வானொலிப் பெட்டியில் இரைச்சல் கேட்குமானால், உரிமம் பெற்றவர் அதற்குரிய படிவத்தை இரண்டு பிரதிகளில் நிரப்பித் தபால் தந்தி இலாகாவுக்கு அனுப்ப வேண்டும். இலாகாவின் ஆள் வந்து பார்வையிடும் வரை காத்திருக்க வேண்டும். இது விதி. 1936 அக்டோபரில், மலாயாவின் ஜொகூரில் ரெங்கத்துக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தபோது, இந்த விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றியவன் நான். படிவத்தில் என் கையெழுத்துகூட அச்சடித்ததுபோல் இருந்தது.

அந்தப் பக்கத்தில் வானொலிப் பெட்டி இருந்தது எங்கள் துரையின் பங்களாவில் மட்டும்தான். மத்தியானம் சாப்பிடும்போது அவருக்கு லண்டன் செய்தி கேட்டாக வேண்டும். காற்றும் மழையும் தொடங்கியதிலிருந்து, லண்டன்காரர் வாயைத் திறந்தாலே யாரோ காய்ந்த எண்ணெயில் கடுகைக் கொட்டியதுபோல் படபடவென்று சத்தம். வானொலி பற்றி ஒரு புத்தகம் படித்திருந்தேன் என்ற குற்றத்துக்காக அந்தக் கடுகு என் தலையில் கொட்டப்பட்டது. படிவம் போய் மூன்று வாரமாகியும் பதில் இல்லை. சனிக்கிழமைக்குள் சத்தம் நிற்க வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

அந்தச் சத்தத்தில் ஒரு பெண்ணின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரியாது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்தப் பெண்ணே ஒன்பது நாள் முன்னால் என் மேஜைக்கு முன் வந்து நின்று சொல்லியிருந்தாள்.

பால் மரம் வெட்டுகிற, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற பெண். வேலை முடிந்ததும், ரப்பர் அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் மற்றப் பெண்களோடு பால் வாளிகளைக் கழுவுவாள்.

"கிராணி ஐயா, வாளி கழுவுற கொட்டாய்ல தகரம் கடிக்குதுங்க."

"தகரத்துக்குப் பல் இருக்கிறதா?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த கங்காணி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது. தொழிலாளியின் புகார் கங்காணி மூலமாகத்தான் ஆபீசுக்கு வர வேண்டும் என்ற விதியையும் அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் போனதும் கங்காணி தன் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார்:

"வாளி கழுவ சோம்பல், வேற என்ன ஐயா. இன்னிக்கி தகரம் கடிக்குதும்பாளுங்க, நாளைக்கி வாளி ஒதைக்குதும்பாளுங்க."

புகார் முடிந்தது. துரையின் கடுகுக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து இரைச்சலைத் தேடினேன். வான்கம்பியைக் கழற்றினால் சத்தம் நின்றது. அப்படியானால் அது பெட்டிக்குள் பிறக்கவில்லை, வெளியிலிருந்து வருகிறது. பெட்டியின் பாட்டரியை மாற்றினாலும் சத்தம் இருந்தது. பங்களா இருந்த மேட்டுக்குக் கீழே ஸ்டோரில் மின்சாரம் தரும் எஞ்சினை நிறுத்தினால் சத்தம் இல்லை. அங்கிருந்துதான் ஒரு கம்பி மேடேறி பங்களா விளக்குகளுக்கு வந்தது.

எஞ்சின்காரர் நாகப்பட்டினத்து முஸ்லிம், என்னைவிட இருபது வயது மூத்தவர். அவருக்கும் எனக்கும் கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆகவே ஒரு நடைமுறை வகுத்தேன். பங்களா வராந்தாவிலிருந்து வெள்ளைத் துண்டை ஒருமுறை அசைத்தால் எஞ்சினை நிறுத்த வேண்டும், இரண்டு முறை அசைத்தால் ஓட்ட வேண்டும். முந்தின நாள் கங்காணி யாரையோ அதட்டிய சத்தத்தைத் தமக்கு வந்த உத்தரவென்று எண்ணி அவர் எஞ்சினை நிறுத்திவிட, ரப்பர் அரைக்கும் உருளைகள் பாதியில் நின்று ஏகப்பட்ட ரகளை. அதனால் அழுத்திச் சொன்னேன்: யார் கத்தினாலும், நானே வந்து கத்தினாலும், வெள்ளைத் துணி அசையாமல் எஞ்சினைத் தொடக் கூடாது.

ஐந்தாவது முறை நிறுத்தி ஓட்டிய பிறகு அவர் மேடேறி வந்தார்.

"டைனமோ கரிக்கட்டையெல்லாம் தொடச்சி மாட்டிட்டேன் கிராணி. எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்ல லா. ஒங்க பொட்டிய ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்." அந்த 'லா' அவருக்கு மலாய்க்காரர்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

அவரைக் கீழே அனுப்பி மறுபடி ஓட்டச் சொன்னேன். மணி பன்னிரண்டரை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று எழுந்தபோது பெட்டி படபடத்தது, அடங்கியபோது அடங்கியது. அப்போதுதான் புத்திக்கு எட்டியது. எஞ்சின் காற்றுக்கு ஆடாது, கம்பிதான் ஆடும்.

வராந்தாவில் நின்று கம்பியின் வழியே கண்ணை ஓட்டினேன். ஒரு கம்பம். அடுத்த கம்பம். அதற்கும் கீழே, கம்பி தொய்ந்து உரசுகிற மாதிரி, வாளிக் கொட்டகையின் கூரை. ஆணி கழன்ற தகரம் ஒன்று காற்றில் எழும்பி, மின்கம்பியில் பட்டு விழுந்தது. அது எழும்பிய ஒவ்வொரு தடவையும் என் முதுகுக்குப் பின்னால் பெட்டி கடுகாய் வெடித்தது. கூரைக்குக் கீழே, ஈரச் சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு பெண்கள் வாளி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

தகரத்துக்குப் பல் இருக்கிறதா?

துண்டை எடுத்து அசைத்தேன். அதே நொடியில் மழை இறங்கியது. ஸ்டோரே கண்ணுக்குத் தெரியாதபோது துண்டு யாருக்குத் தெரியும்? அதை எங்கே போட்டேனோ, மேட்டிலிருந்து ஓடினேன். சேற்றில் இரண்டு தடவை விழுந்தேன். பாதி வழியிலேயே வாளிக் கொட்டகையிலிருந்து பெண்களின் கூச்சல் கேட்டது.

"எஞ்சினை நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று ஸ்டோர் வாசலில் நின்று கத்தினேன்.

எஞ்சின்காரர் வாசலுக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"துண்டு எங்க கிராணி? நீங்களே வந்து கத்துனாலும் தொடக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

தாம் பரீட்சிக்கப்படுவதாக அவர் நினைத்தார். என் உத்தரவை இவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னும் பின்னும் யாரும் நிறைவேற்றியதில்லை. ஈரத்தில் உடம்போடு ஒட்டியிருந்த வெள்ளைக் கோட்டைப் பொத்தான் தெறிக்கப் பிய்த்தெடுத்து, அவர் மூக்குக்கு முன்னால் ஒருமுறை அசைத்தேன். என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிப்பு போனது.

"அலமா!" என்று மலாய்க்காரர்போல் பதறி உள்ளே பாய்ந்தார்.

கொட்டகைக்கு ஓடினேன். அவள்தான். கூரைத் தகரத்திலிருந்து தொங்கிய, வாளி மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. பல் கிட்டி, கண் மேலே செருகியிருந்தது. இன்னொரு பெண் அவளை இழுக்கக் கையை நீட்டிவிட்டாள். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் அவள் பின்வாங்கினாள். அந்த எஞ்சினின் பெரிய சக்கரம் நிறுத்தினாலும் ஓயச் சற்று நேரமாகும். டுக், டுக் என்று அது மெதுவாவதைக் கேட்டுக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டி நின்றேன். என் வாழ்நாளில் அதைவிட நீளமான நேரம் இல்லை.

விரல்கள் விட்டன. வாளிகளோடு அவளும் சரிந்தாள். பெண்கள் நெஞ்சைத் தேய்த்தார்கள், பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கங்காணி எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் ஒரு பெருமூச்சு வந்தது. கண் திறந்தாள். சுற்றியிருந்த முகங்களில் என் முகத்தைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். குறுக்கே வெந்த கோடு.

"பாத்துக்கோங்க ஐயா. பல்லு இருக்குது."

அன்று சாயங்காலமே கம்பியை வேறு வழியாக மாற்றினோம். சனிக்கிழமை லண்டன்காரர் துரையின் சாப்பாட்டு மேஜையில் கணீரென்று பேசினார். நல்ல வேலை என்று துரை என் தோளில் தட்டினார். பெட்டிக்காகத்தான் தட்டினார். அந்தப் பெட்டி மட்டும் இரையாமல் இருந்திருந்தால், தகரம் கடிப்பதைத் தேடி நான் ஒரு அடியும் எடுத்து வைத்திருக்க மாட்டேன்.

பிறகு ஆபீஸ் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தேன். யாரும் கங்காணி இல்லாமல் நேரே வந்து புகார் சொல்லலாம். அதற்கும் ஒரு விதி போட்டேன், விதி இல்லாமல் எனக்கு வாழத் தெரியாது: சொல்கிறவர் சொன்னபடியே எழுத வேண்டும், கிராணி கேள்வி கேட்டுச் சிரிக்கக் கூடாது. முதல் வரியை நானே எழுதினேன். 'தகரம் கடிக்கிறது.'

இலாகாவின் பதிலும் ஒருநாள் வரத்தான் செய்தது. இரைச்சலுக்குப் பருவநிலை காரணமாக இருக்கலாம், நீடித்தால் புதிய படிவத்தில் தெரிவிக்கவும் என்று இரண்டே வரி. இன்றும் அந்தக் கடிதத்தைக் காட்டினால் பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள். என்னால் சிரிக்க முடிவதில்லை. நேரில் வந்து சொன்ன ஒருத்திக்குப் பதில் சொல்ல எனக்கே ஒன்பது நாளும் ஒரு மழையும் தேவைப்பட்டன. முன்பின் பார்த்திராத ஒரு பெட்டிக்கு இலாகா எழுதிய பதிலின் தேதி, 1937 மார்ச் 17.