அண்ணி போட்ட முதல் வளையல்

விதி தெளிவானது. மேற்பார்வையாளரை ‘மேடம்’ என்றே அழைக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்த மேற்பார்வையாளர், தொழிலாளர் வீட்டு விசேஷத்துக்குப் போவதானால் தலைமையகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்; மீறினால் ஒப்பந்தம் ரத்து. கள்ளக்குறிச்சி பக்கத்துச் செருப்புக் கம்பெனியில் பர்சனல் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்த விதிகளை எழுதியவனும் நான்தான்.

முதல் விதி ஒரு வாரம் தாங்கியது. கொரியாவிலிருந்து சூஜின் என்ற பெண் மேற்பார்வையாளர் ஸ்டிட்சிங் செக்‌ஷனுக்கு வந்தார். தையல் கோணினால், செருப்பின் மேல்பாகமான அப்பரைத் தூக்கி மேசையில் போடுவார். ரிஷிவந்தியத்துச் செல்வி ஒருநாள், “கோச்சிக்காதீங்க அண்ணி, பிரிச்சித் தச்சிடறேன்” என்றாள். சூஜின் தையலை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். அவர் மொழியில் ஒரு பெண் தன் அக்காவை அழைக்கும் சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான். மறுநாள் லைன் முழுக்க ‘அண்ணி’.

இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று காண்டீனில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். நான் மறுத்தேன். நம் அண்ணி அண்ணனால் வந்தவர். அவர்கள் சொல்லுக்கு அண்ணனே தேவையில்லை. வேர் வேறு, பொருள் வேறு, ஒலி ஒத்துப்போனது தற்செயல். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

செல்விக்கு ஏழாம் மாதம் வந்தது. அவர்கள் வீட்டு வழக்கப்படி முதல் வளையலை அண்ணிதான் போட வேண்டும். செல்வியோ கூடப்பிறந்தவர் இல்லாத ஒரே பெண். நேரே என் மேசைக்கு வந்தாள்.

“சார், அண்ணிக்கு பர்மிஷன் குடுங்க.”

“அண்ணன் இல்லாம அண்ணி ஏதும்மா?”

“அண்ணன அப்பறம் பாத்துக்கலாங்க. மொதல்ல அண்ணி.”

கூட வந்த கௌரி, “இன்னா சார், வளையல் போட்டா கம்பெனி கவுந்துடுமா?” என்றாள்.

தலைமையகத்துக்கு எழுதினேன். நினைவூட்டினேன். நினைவூட்டியதையும் நினைவூட்டினேன். பதில் இல்லை. சூஜினுக்கு ஊரில் கல்லூரியில் படிக்கும் மகன் இருந்தான். இந்த வேலை போனால் அவன் படிப்பும் நிற்கும். ஆனாலும், “நான் போறேன். போனா போவுது” என்று லைனில் கற்ற தமிழில் அறிவித்துவிட்டார்.

விசேஷத்துக்கு முந்தின நாள் விதியை மறுபடி படித்தேன். தொழிலாளர் வீட்டுக்குப் போகத்தான் தடை. விசேஷம் அவரிடம் வந்தால்? உணவு இடைவேளையில் காண்டீனைத் திறந்துவிட என் கையெழுத்தே போதும்.

“கம்பெனியிலயா? ஊரு இன்னாடி சொல்லும்?” என்று செல்வியின் அம்மா இழுத்தார்.

“ஊரே இங்கதாம்மா வேலைக்கு வந்துக்கினு இருக்குது” என்றாள் செல்வி.

மலைமேல் கரியாலூரிலிருந்து செல்வியின் பெரியம்மா தேன் கொண்டுவந்தார். கௌரி கட்டிவிட்ட புடவையில், ஏகப்பட்ட ஊக்குகளின் தயவில், சூஜின் வந்தார். செல்வியின் கையை இறுக்கிப் பிடித்து முதல் வளையலை ஏற்றினார். “மெல்ல அண்ணி, இது அப்பர் இல்ல, என் கை” என்றாள் செல்வி. செக்‌ஷனே சிரித்தது. சைரன் அடித்தும் யாரும் எழவில்லை. மெமோ கொடுக்க வேண்டிய நான் தயிர்சாதத்தில் இருந்தேன்.

பர்சனல் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு சொல்லின் பிறப்பை அகராதியில் பார்த்துக்கொள்ளலாம். அதைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் என்னென்ன செய்தாக வேண்டும் என்பதைக் கூப்பிட்டவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தலைமையகத்தின் பதிலும் வந்தது: ‘வளைகாப்புக்கு மட்டும் அனுமதி.’ வந்த நாள், செல்வியின் மகளைத் தாய்மாமன் மடிக்குப் பதிலாக அண்ணி மடியில் உட்காரவைத்து, அதே காண்டீனில் காது குத்திய நாள்.