மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன கத்தி

எங்கள் அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு ஆகிவிட்டது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எழுந்து நடக்கத்தான் தோன்றுகிறது. அவருக்குத் தங்கைதானே நான். அவரும் ஓரிடத்தில் உட்கார்ந்தவர் இல்லை.

கடலூர் முதுநகரில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துக் காலமாகிவிட, படிப்பை விட்டுவிட்டுத் துறைமுகத்தில் வேலைக்குப் போய் என்னை வளர்த்தார். குடி, சீட்டு எதுவும் கிடையாது. ஒரே பைத்தியம் பழைய மடக்குக் கத்திகள். நல்லதாக வாங்க வசதி ஏது? துருப்பிடித்தது, பிடி உடைந்தது என்று சிதம்பரத்துப் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி வருவார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, சாணை பிடித்து, மடக்கி மடக்கிப் பார்ப்பார். கப்பலில் வந்த ஒருவர் முனை உடைந்ததென்று விட்டுப்போன கொம்புப் பிடிக் கத்திதான் அவருக்கு உயிர்.

அறுபதுகளில் சிதம்பரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அண்ணாமலை நகரில் வேலை. எனக்குப் பிடித்துவிட்டது. பேச்சுவாக்கில் மாப்பிள்ளை, அலமாரியில் இருந்த கத்திகளைப் பற்றிக் கேட்க, அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கொம்புப் பிடிக் கத்தியை எடுத்து வந்து நேராக அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். கத்தியைக் கீழே வைத்துத்தான் கொடுக்கவேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அண்ணன் அதையெல்லாம் நம்பாதவர்.

"கத்திய கையில குடுத்துட்டாங்களே, ஒறவு நெலைக்குமா?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை. எல்லோரும் அவசரமாக எழுந்தார்கள். அந்தப் பதற்றத்தில் மாப்பிள்ளை கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை விட்டதும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறுவார். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் மேலும் கீழும் நடந்துவிட்டு, கதவைத் தட்டாமலே திரும்புவார். கத்தியைக் கேட்டால் சம்பந்தம் போகும், கேட்காவிட்டால் கத்தி போகும். எனக்கோ ஆத்திரம். என் கல்யாணமே தொங்கிக்கொண்டிருக்க, இவருக்குக் கத்திக் கவலையா என்று முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒருநாள் மாப்பிள்ளையின் அம்மாவே அண்ணனை உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தாராம். தங்கைக்காக இப்படி அலைகிற மனிதன் வீட்டில் பெண் எடுக்காமல் வேறு எங்கே எடுப்பது என்றாராம். அண்ணன் கத்திப் பேச்சையே எடுக்காமல் காபியைக் குடித்துவிட்டு வந்தார். கல்யாணம் நிச்சயமானது.

மறுவீட்டுக்கு வந்தபோது என் கணவர் அந்தக் கத்தியை முறைப்படி தரையில் வைத்து, "எடுத்துக்குங்க மச்சான்" என்றார். அண்ணன் குனிந்தார். கை பாதியில் நின்றுவிட்டது.

"வேணாம் மாப்ள. நான் எடுத்து, அவளுக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா?"

சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

கடைசி நாட்களில் கட்டிலைவிட்டு இறங்கத் துடித்தவரைத் தாங்கிப் பிடித்த தெருப் பிள்ளைகளுக்கும், மருத்துவமனைச் செவிலியருக்கும், தோள் கொடுத்த துறைமுகத்து நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அண்ணா, நானும் உங்கள் மாப்பிள்ளையும் சண்டை போடாத நாளில்லை. ஆனாலும் இன்றுவரை சேர்ந்தேதான் இருக்கிறோம். நீங்கள் பயந்த மாதிரி எனக்கு ஒன்றும் ஆகவில்லை.